சன்னலோரத்து ஏழு மருந்துப் போத்தல்கள்

வெள்ளைப்பாலத் தோட்டம்,
ஹட்டன் தபால்.
தாது வருஷம் ஆவணி மாதம் 15-ந் தேதி (1936).

நாவலப்பிட்டி ஜவுளி வியாபாரம், மகாகனம் பொருந்திய அத்தான் சிவசாமிப் பிள்ளை அவர்கள் சமுகத்துக்கு, மைத்துனன் கணேசமூர்த்தி இரு கையும் கூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் ஜெயலெட்சுமியும் குழந்தைகளும் ஆண்டவன் புண்ணியத்தில் நலம். மூன்று வாரமாக விடாத மழையில் தலையணை உறையெல்லாம் பூஞ்சணம் பூத்திருப்பதைத் தவிர வேறு குறையில்லை. அவ்விடம் தாங்கள் நலமென்றும், அக்காள் சீதாலெட்சுமியின் முழங்கால் வலி நான் அனுப்பிய தைலத்தில் இறங்கியிருக்குமென்றும் நம்புகிறேன். இறங்காவிட்டால் அது தேய்த்தவர் குற்றம்.

நிற்க. தங்கள் தம்பி செல்லசாமியைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அவர் தங்களுடன் பிறந்தவர் என்பதை இந்தக் கடிதம் படித்து முடிக்கும் மட்டும் தயவுசெய்து மறந்திருங்கள். போன சித்திரையில், 'தம்பி பயிற்சி பெற்ற வாத்தியார், உன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஓரிடம் பார்த்துக் கொடு' என்று தாங்கள் எழுதியபோது, தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் நேரில் போய்ப் பேசி வாங்கிக் கொடுத்தவன் நான். பதினோரு வருஷமாக இங்கே மருந்து கொடுக்கிறேன். துரை என்னை டிஸ்பென்சர் என்பார், சனங்கள் டாக்டரையா என்பார்கள், சனங்கள் சொல்வதே சரி என்பது என் அபிப்பிராயம். அப்படிப்பட்டவன் பேச்சுக்கு மதிப்பிருந்தது. முன்னே இருந்த வாத்தியார் தங்கமான மனுஷர். பிள்ளைகளை எழுத்துக்களைத் திருப்பித் திருப்பி எழுதச் சொல்லிவிட்டுப் பத்து மணிக்குக் கண்ணயர்வார், மணியடித்ததும் எழுந்து வீட்டுக்குப் போவார். அவர் இருந்தவரைக்கும் இந்தத் தோட்டத்தில் யாராவது ஒரு கேள்வி கேட்டதுண்டா? இல்லை.

தங்கள் தம்பி ஆடி மாதத்தில் ஒரு நாள் டிஸ்பென்சரிக்கு வந்து, "மச்சான், காலி மருந்துப் போத்தல் இருந்தா கொஞ்சம் தாங்க, பிள்ளைங்களுக்கு ஒரு பாடம் நடத்தணும்" என்றார். ஆறு போத்தல் கழுவிக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் எனக்கு நேரெதிரே இருக்கிறபடியால் என்ன பாடம் என்று சன்னல் வழியாகப் பார்த்தேன். தேயிலைச் செடிக்கடியிலிருந்து ஒரு பிடி மண், ஓடையிலிருந்து ஒரு பிடி மணல், நாலு கூழாங்கல், எல்லாவற்றையும் போத்தலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி மேசையில் வைத்துவிட்டு, முப்பத்தொரு பிள்ளைகளையும் கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்க்கச் சொன்னார். அவ்வளவுதான் பாடம். சேறு உட்காருவதைப் பார்க்கப் பிள்ளைகளை உட்காரவைக்கிற படிப்பை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. இதற்கு இரண்டு வருஷம் பயிற்சிக் கலாசாலையில் சாப்பாடு போட்டிருக்கிறார்கள்.

"கல்லு மொதல்ல எறங்கிருச்சு பாத்தீங்களா? கனமானதுக்கு அவசரம். அடுத்தது மணல். மண்ணு லேசு, அதுக்கு நாளைக்குக் காலையில வரைக்கும் பொறுக்கணும்" என்றார். பிறகு இன்னொரு போத்தலில் உப்பைப் போட்டுக் கலக்கி, "உப்பு எங்க?" என்றார். "காணோம் வாத்தியாரையா" என்று பிள்ளைகள் கத்தின. "நாக்குல வச்சுப் பாருங்க. இருக்கா? கரைஞ்சது படியாது. ஒரு மாசம் வச்சிருந்தாலும் படியாது." மறுநாள் காலை போத்தலின் மேலே தண்ணீர் தெளிந்து, அடியில் கல், மணல், மண் என்று அடுக்கடுக்காக நிற்பதைக் கண்டு பிள்ளைகள் தேர் பார்த்ததுபோல் குதித்தன. அத்தோடு விட்டிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். "வீட்டுல கலங்கலா எது இருந்தாலும் அசைக்காம வச்சுப் பாருங்க. அடியில என்ன படியுதுன்னு வந்து சொல்லணும்" என்று சொல்லி அனுப்பினார். என் பதினோரு வருஷப் பெயர் போனது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

அரிசி களைந்த தண்ணீர், கோப்பித் தண்ணீர், மலையிலிருந்து பீலிக் குழாயில் மழைக்குக் கலங்கி வந்த தண்ணீர் என்று பிள்ளைகள் ஆளுக்கொன்று கொண்டுவந்தன. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் மூன்றாவதில் அழகம்மா என்று ஒரு கொழுந்து பறிக்கிறவள். அவளுக்கு மூன்று வாரமாக ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல். அவள் மகள் பூரணிக்குப் பத்து வயது. அது பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்து, ரோஸ் நிறக் காய்ச்சல் மருந்துப் போத்தலை என் மேசையில் வைத்தது. அடியில் ஒரு விரற்கடை வெள்ளை.

"டாக்டரையா, ஆத்தா மருந்து படிஞ்சு போச்சுங்க."

"அதுக்குத்தான் குலுக்கிக் குடிக்கணும். போத்தல்ல ஒட்டின காகிதத்துல எழுதியிருக்கேனே."

"அது இங்கிலீசுல இருக்குங்க."

இங்கிலீஷில் எழுதினால்தான் மருந்துக்கு ஒரு கௌரவம் என்பதைப் பத்து வயதுப் பெண்ணுக்கு எப்படி விளக்குவது? அதுவே தொடர்ந்து, "மருந்து அடியிலதான் கெடக்குன்னு நெனச்சு, போன போத்தல்ல மேல இருந்த தண்ணிய ஊத்திட்டு, வெள்ளைய மட்டும் கரண்டியால ஆத்தாளுக்குக் குடுத்தேங்க. அப்பவும் காய்ச்சல் நிக்கல" என்றது. 'போய்ப் படி' என்று அனுப்பிவிட்டேன். அது போய்த்தான் படித்தது. அடுத்த வீட்டு வயிற்றோட்ட மருந்தையும், எதிர்வீட்டு இருமல் மருந்தையும், இன்னும் நாலு வீட்டுப் போத்தல்களையும் சேர்த்து ஏழு போத்தல்களைப் பள்ளிக்கூடத்துச் சன்னலோரத்தில் வரிசையாக வைத்துவிட்டது. தங்கள் தம்பி அதைத் தடுத்தாரா? சன்னலைத் துடைத்துக் கொடுத்தாராம்.

அத்தான், தாங்கள் வியாபாரி, தங்களிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. தேயிலை விலை விழுந்ததிலிருந்து துரைக்குச் சிக்கனப் பைத்தியம். நான் மலைக்காய்ச்சலுக்கு நாலு பவுண்டு கொயினா வேண்டுமென்று எழுதினால் நாலை அடித்து ஒன்று என்று போட்டுக் கையெழுத்து வைப்பார். ஒரு பவுண்டை அறுநூறு பேருக்குப் பங்கிட்டால் கசப்புக்கூட மிஞ்சாது. தெளிந்த தண்ணீராகக் கொடுத்தால், 'இது பீலித் தண்ணிதானுங்களே' என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். ஆகையால் கலங்கலுக்குக் கொஞ்சம் சீமைச் சுண்ணாம்புத் தூளும் பார்வைக்குக் கொஞ்சம் நிறமும் சேர்த்தேன். காய்ச்சலுக்கு ரோஸ், இருமலுக்குப் பழுப்பு, வயிற்றுக்கு வெள்ளை. சீமைச் சுண்ணாம்பு யாரையும் கொன்றதாக எந்தப் புத்தகத்திலும் இல்லை. கொயினா கரைந்து போகிற சரக்கு, அடியில் படியாது. படிந்ததெல்லாம் சுண்ணாம்பு. இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று தங்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துச் சனம் முழுவதும் சன்னலுக்கு முன்னால் கூடிவிட்டது. சோலைமலைக் கங்காணி ஒவ்வொரு போத்தலிலும் கட்டைவிரலை வைத்து அளந்து பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே ஒசரமா இருக்கே" என்றார். மேலே நின்ற நிறம் வேறு வேறு, அடியில் கிடந்த வெள்ளை ஒரேவிதம். என்ன கூட்டமென்று பார்க்கப் போன என்னை அந்தப் பூரணி எல்லோர் முன்னாலும் கேட்டது: "காய்ச்சலுக்கும் வயித்தால போறதுக்கும் ஒரே மருந்தாங்க டாக்டரையா?"

அன்றைக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. அது அதட்டிக் கேட்டிருந்தால் நானும் அதட்டியிருப்பேன். ஆத்தாளுக்கு நாளைக்கு எதைக் கொடுப்பது என்று தெரியாமல் கேட்டது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்க முடியும்? வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் தங்கள் தம்பி வந்தார். நன்றாகத் திட்டினேன். என் மேல் தப்பில்லை என்று காட்ட, துரை அடித்துக் கையெழுத்து வைத்த காகிதங்களின் பிரதிகளை எல்லாம் எடுத்து அவர் முன்னால் வீசினேன். அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தேதிவாரியாக அடுக்கி வைத்துவிட்டு, "இத ஏன் மச்சான் நீங்க யாருகிட்டயும் சொல்லல?" என்றார்.

"யாருகிட்டச் சொல்றது? கையெழுத்துப் போட்டவருகிட்டயா?"

அவர் எழுந்து போனார். வாத்தியார்களுக்கு எதிராளியைப் பேசவைத்துவிட்டுத் தாம் பேசாமலிருக்கிற வித்தையையும் அந்தக் கலாசாலையில் சொல்லிக் கொடுப்பார்கள் போலிருக்கிறது.

திங்கட்கிழமை முதல் வேறொரு கூத்து. குலுக்கிக் குடிக்க வேண்டும் என்று நான் சொன்னது ஊரெல்லாம் பரவி, மருந்து வாங்கியவர்கள் அத்தனை பேரும் குலுக்கிக்கொண்டே நடந்தார்கள். மாயாண்டி என்று தேயிலைச் செடி வெட்டுகிற ஒரு கவ்வாத்துக்காரன் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டான். டிஸ்பென்சரி வாசலில் குலுக்கத் தொடங்கியவன் அரை மைல் தூரம் நிறுத்தாமல் குலுக்கி, வளைவில் துரை எதிரே வந்ததும் மரியாதைக்காகச் சட்டென்று நின்றிருக்கிறான். தக்கை தெறித்து, அவ்வளவு ரோஸ் மருந்தும் துரையின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. துரை கேட்க, அவன் சன்னலோரத்துப் போத்தல் வரைக்கும் ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டான். அரை மணியில் என்னையும் தங்கள் தம்பியையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு ஆள் வந்தது.

மேசைமேல் ஏழு போத்தல்களும் இருந்தன. துரை நமது பாஷையைத் தோட்டத்தில் கற்றவர், மரியாதை விகுதி அவருக்கு வராது. "டிஸ்பென்சர், நிறம் வேற, கீழ ஒரே மாதிரி. ஏன்?" என்றார். ஐந்து பிள்ளை பெற்றவன், இந்த வேலை போனால் எங்கே போவேன் என்ற ஒரே நினைப்பு. அப்போது தங்கள் தம்பி வாயைத் திறந்தார். யார் அவரைக் கேட்டது?

"தொரை, இவரு நாலு பவுண்டு கொயினா எழுதிக் கேட்டாரு. ஒண்ணுதான் வந்துச்சு. ஒரு தடவை இல்ல, ஒம்போது தடவை. காகிதம் ஒங்க அலமாரியிலயே இருக்குங்க, எடுத்துப் பாருங்க" என்றார். அதோடு நிறுத்தாமல், "பிள்ளைங்க போத்தல்ல இருந்தத மட்டும்தான் பாத்துச்சுங்க. அதுக்கு மேல அதுகளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

துரை அலமாரியைத் திறந்தார். ஒன்பது காகிதமும் பார்த்தார். காது இரண்டும் சிவந்தது. சுருட்டைப் பற்றவைத்தார், அது அணைந்தது, மறுபடி பற்றவைத்தார். கடைசியில் ஒரு காகிதத்தை இழுத்து நாலு என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டு என்னிடம் நீட்டிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளை கேள்வி கேட்டால், நீ ஓடாதே. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் போ. மருந்துப் பாடம் சொல்லு. போத்தல் காகிதம் எல்லாம் தமிழில் எழுது."

கொழும்பிலிருந்து கொயினா டின் பத்து நாளில் ஹட்டன் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. அழகம்மாவுக்குச் சரியான அளவில், சுண்ணாம்பில்லாமல், நிறமில்லாமல், தெளிவாகக் கலந்து நானே லயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூரணி போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தாய்க்குக் கொடுத்தது. நானும் அந்த ஒரு மணி நேரம் நின்றேன், மழை பெய்துகொண்டிருந்தபடியால். ஒன்பதாம் நாள் அழகம்மா கூடையோடு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டில் வந்து நின்றாள். அது கொயினாவின் குணம். அதில் தங்கள் தம்பிக்குப் பங்கு இருப்பதாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் என் நிலைமையை யோசியுங்கள். முப்பத்தொரு பிள்ளைகளுக்கு முன்னால் இரண்டு வெள்ளிக்கிழமை நின்றுவிட்டேன். நான் ஒன்று சொன்னால், "பொறுங்க டாக்டரையா, பாத்துட்டுச் சொல்றோம்" என்கின்றன. காய்ச்சல்காரர்கள் என் மேசைக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்து, மடியில் போத்தலை வைத்துக்கொண்டு, படிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்து போகிறார்கள். துரையிடம் எனக்காகப் பரிந்து பேசினார் என்று ஊரெல்லாம் அவரைப் புகழ்கிறது. எனக்கும் வாய் இருக்கிறது, அன்றைக்குத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அவருக்கு நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் அவர் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியதை நான் மன்னிப்பதாயில்லை. ஆகையால் தாங்கள் இந்த வாரமே வந்து தங்கள் தம்பியைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்க் கடையில் துணி கிழிக்க வைத்துக்கொள்ளுங்கள். தாங்கள் வராவிட்டால் நானே துரைக்கு எழுதி அனுப்பிவைப்பேன். உறவு கெட்டாலும் பாதகமில்லை.

அக்காளுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். மழைக்காலம், தாங்கள் காதை மூடிக்கொண்டு நடமாடவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
க. கணேசமூர்த்தி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் செல்லசாமி வந்தார். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய பள்ளிக்கூடமாகக் கொடுக்கிறார்களாம், அடுத்த மாதம் முதல் தேதிக்குப் போகலாமென்று யோசிக்கிறாராம். 'மகாராஜனாகப் போங்கள்' என்று சொல்லத்தான் எழுந்தேன். வாயில், "ஒங்க அண்ணன் சம்மதிக்க மாட்டாரே தம்பி" என்று வந்துவிட்டது. ஆகையால் தாங்கள் சம்மதிக்கவில்லை. கடுதாசி கண்டவுடன் அவருக்கு அதைக் கண்டிப்பாக எழுதவும். நயமாக எழுதினால் கேட்கமாட்டார், அதட்டி எழுதவும். மேலே உள்ளதை அவருக்குக் காட்ட வேண்டாம். காட்டினால் என் கையெழுத்தில்லை என்று சொல்லிவிடுவேன். போன வெள்ளிக்கிழமை பூரணி எழுந்து, "எல்லாம் அடியில படியுது, பாலைக் காய்ச்சி வச்சா ஆடை மட்டும் ஏங்க மேல வருது?" என்று கேட்டது. அடுத்த வாரம் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை, அத்தான். அவருக்குத் தெரியும்.