துரை வீட்டு நிக்ரோம் அடுப்பு

என் மனைவியைக் காப்பாருக்கு அனுப்புவதில்லை என்று நான் தீர்மானம் போட்டிருந்தேன். அங்கே அவள் அக்கா மகளுக்குப் பேறுகாலம். ஒரு மாதம் துணைக்கு இருக்க வேண்டுமாம். தனலெட்சுமி போய்விட்டால் எனக்கு யார் சோறு போடுவது? "எனக்குக் கரி அடுப்பு ஊதத் தெரியாது, புகை பட்டால் மூச்சு முட்டும்" என்று சொல்லிச் சொல்லியே அவள் வாயை அடைத்து வைத்திருந்தேன். அசைக்க முடியாத காரணம் என்று எனக்குள் பெருமை வேறு.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ரயில்வே ஆபீஸ் துரை சீமைக்குக் கிளம்பினார். அவர் பங்களாச் சாமான்கள் லேலாங்குக்கு, அதாவது ஏலத்துக்கு, வந்தன.

"போய்ப் பாத்துட்டு வாங்களேன். உங்களை மாதிரி படிச்சவங்களுக்கு ஏத்த சாமான் ஏதாச்சும் இருக்கும்" என்றாள் தனம்.

ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி உத்தியோகம் பார்க்கிறவனுக்கு இந்தப் பேச்சு இனிக்காதா? கரண்டு அடுப்போடு திரும்பினேன். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ் வரிசையிலேயே முதல் கரண்டு அடுப்பு. தனம் பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்காவையும் பார்க்கக் கூட்டி வந்துவிட்டாள். சுவிட்சைத் தட்டினேன். சுருள் கம்பி சிவந்தது.

"என்ன கம்பிங்க இது? செம்பா?" என்று கேட்டாள் தனம்.

"செம்பாவது. இது நிக்ரோம். நூத்துக்கு எண்பது பங்கு நிக்கல், இருபது பங்கு குரோமியம். உருக்கி ஒண்ணாச் சேர்த்தது."

"செம்பே போட்டிருக்கலாமே?"

"செம்புல கரண்டு சுளுவா ஓடிரும். இது லேசுல விடாது, மல்லுக்கட்டும். அந்த மல்லுக்கட்டுதான் சூடு."

"எங்க வீட்டுக்காரரு மாதிரி" என்றாள் நல்லம்மாள் அக்கா.

"இவ்ளோ செவக்குதே, இரும்பு மாதிரி உதிர்ந்து போவாதா?"

"போகாது தனம். சூட்டுல குரோமியம் மேல மெல்லிசா ஒரு தோல் கட்டிக்கும். காத்து உள்ள போகாது. லேசுல உருகாது. துணி தேய்க்கிற பெட்டி, ரொட்டி வாட்டுற பெட்டி, பட்டறை உலை, எல்லாத்துலயும் இந்தக் கம்பிதான்."

"ஊத வேணாமா?"

"எதுக்கு ஊதணும்?"

"புகை?"

"கரி இருந்தாத்தானே புகை."

"கத்துக்க ரொம்ப சூசாவோ?"

"என்ன சூசா? ஒரு கஷ்டமும் இல்ல. சுவிட்சைத் தட்டினா சோறு. சின்னப் புள்ளகூடச் சமைக்கும்."

"நீங்க?"

"நான் கண்ணை மூடிக்கிட்டே சமைப்பேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பேச்சை இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"கேட்டுக்கிட்டீங்களா அக்கா?" என்றாள் தனம்.

"நல்லாக் கேட்டேன்."

தனம் உள்ளே போனாள். புதுச்சேலையும் டிரங்குப் பெட்டியுமாக வெளியே வந்தாள். வாசலில் ரிக்‌ஷா நின்றது. அதை யார், எப்போது கூப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது.

"சாயங்கால ரயில்ல கிள்ளான் போயிட்டா, அங்கேருந்து காப்பாருக்கு பஸ் இருக்கு. போயிட்டு வரேங்க."

"தனம், கம்பி திடீர்னு அறுந்து போச்சுன்னா?"

"அது லேசுல போகாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க."

ரிக்‌ஷா தெருமுனையில் திரும்பிவிட்டது. நல்லம்மாள் அக்கா மட்டும் நின்றாள். ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"கரண்டு அடுப்பு ஏலத்துக்கு வருதுன்னு பங்களா ஆயா போன வாரமே சொன்னா, தம்பி. நீங்க வாங்குவீங்களான்னு எனக்குச் சந்தேகந்தான். தனம்தான் அடிச்சுச் சொல்லிச்சு."