யோபு அண்ணாத்தகிட்ட மன்னிப்பு கேக்கப் போனேன்

நேத்து எனக்கு இருந்தது ஒரே வேலைதான். சர்ச்சுல அப்பம் வாங்கற திருவிருந்துக்கு முன்னாடி ஒருத்தர்கிட்ட மன்னிப்பு கேக்கணும்.

போன வாரமே பாஸ்டர் சொல்லிட்டாரு. "யார் மேலயாவது கசப்ப வெச்சிகினு அப்பத்தத் தொடாதீங்க. மொதல்ல உங்கள நீங்களே ஆராய்ஞ்சி பாருங்க."

நானும் ஆராய்ஞ்சேன். பொத்தேரில ஹாஸ்டல் வார்டன் நான், தப்பு கண்டுபுடிக்கறதுதான் பொழப்பு. கடப்பாக்கத்துல எங்க சர்ச்சுல பதினோரு பேர்கிட்ட தப்பு கீதுன்னு தெரிஞ்சது. என்கிட்ட தேடித் தேடிப் பாத்தேன், ஒண்ணும் சிக்கல. அடுத்தவங்கள ரொம்பப் பொறுத்துக்கறேன், அதுதான் என் குறை.

அந்தப் பதினோரு பேர்ல மொத ஆளு யோபு அண்ணாத்த. மீன் ஏலம் வுட்ட தொண்டை. என் பின்னாடி பெஞ்சுலதான் உக்காருவாரு. பிரசங்கம் முடிஞ்சி ஒரு பாட்டு வரும். எல்லாரும் முடிச்சப்புறமும் அவரு மட்டும் கடைசி வரிய என் காதுகிட்ட இழுத்துகினே இருப்பாரு. ரெண்டு வருஷமா இதே பேஜாரு.

சர்ச்சு வாசல்ல புடிச்சேன். "அண்ணாத்த, என்னை மன்னிச்சிடுங்க."

"இன்னாத்துக்கு நைனா?"

"உங்க மேல ரெண்டு வருஷமா கடுப்பு."

"அப்புடியா? நான் இன்னா பண்ணேன்?"

இந்தக் கேள்விய நான் எதிர்பாக்கல. மன்னிப்பு கேட்டா கட்டிப் புடிச்சிப்பாருன்னுதான் நெனச்சிகினு போனேன்.

"ஒண்ணுமில்ல... நீங்க பாடறது..."

"பாடறது?"

"கொஞ்சம் லேட்டு. கொஞ்சம் சத்தம்."

அவரு மூஞ்சி சுருங்கிடுச்சி. "தெரியாமப் பூட்ச்சே தம்பி"ன்னுட்டு உள்ள போய்ட்டாரு.

மொதப் பாட்டு. பின்னாடி சத்தமே இல்ல. நிம்மதியாத்தான் இருந்திருக்கணும், ஆனா மொத்த சர்ச்சும் அவரு தொண்டைய நம்பித்தான் இத்தினி நாளா வாயசைச்சிகினு இருந்திருக்கு. கீபோர்டு மட்டும் தனியாப் பாடி முடிச்சது.

அப்புறம் பிரசங்கம். தியானம் பண்ணலாம்னு கண்ண மூடினேன்.

கண்ணத் தொறந்தா மொத்த சர்ச்சும் நின்னுகினு கீது. நான் மட்டும் வாயப் பொளந்துகினு உக்காந்திருக்கேன். பிரசங்கம் முடிஞ்சி, பாட்டும் முடிஞ்சிப் போச்சாம்.

"தம்பி எழுந்துட்டாரு, நாம தொடரலாம்"னாரு பாஸ்டர், மைக்குலயே. பொம்பளைங்க பக்கத்துலேர்ந்து என் பொண்டாட்டி ஸ்டெல்லா பாத்தா பாருங்க ஒரு பார்வை.

திருவிருந்துக்கு வரிசை வரிசையா எழுந்தாங்க. யோபு அண்ணாத்த மட்டும் எழுந்திரிக்கல.

"வாங்க அண்ணாத்த."

"நீ போ நைனா. இன்னும் எத்தினி பேருக்கு இடைஞ்சலா இருந்தேனோ. இந்த மனசோட எப்புடி அப்பம் வாங்கறது?"

என் கசப்ப எறக்கி வெக்க வந்தவன், நேரா அவரு தலையில எறக்கிட்டேன். அவரு பக்கத்துலயே உக்காந்துட்டேன்.

"ஏன் அண்ணாத்த அப்புடி இழுத்துப் பாடுவீங்க?"

"பிரசங்கத்துல நீ தூங்கிடற. ஹாஸ்டல்ல கண்ணு முழிக்கிற புள்ள, தூங்கட்டும்னு வுட்டுடுவேன். பாட்டுக்காச்சும் எழுப்பணும்ல? தட்டி எழுப்புனா நாலு பேரு பாத்து சிரிப்பாங்க. அதான் நீ முழிக்கிற வரைக்கும் கடைசி வரிய வுடமாட்டேன்."

"ரெண்டு வருஷமாவா?"

"தூக்கத்துக்கு நீ ஒரு வாரம் கூட லீவு வுடலியே."

வெக்கமாப் போச்சு. அவரு கையப் புடிச்சிகினேன். "மன்னிச்சிடுங்க அண்ணாத்த"ன்னேன். இந்த தபா அவரு எதுக்குன்னு கேக்கல. "வா, கடைசி வரிசை போய்கினு கீது"ன்னு எழுந்தாரு.

ரெண்டு பேரும் ஒண்ணா முழங்கால் போட்டு அப்பம் வாங்கினோம். திரும்பி வர்றப்போ கடைசிப் பாட்டு ஓடிகினு இருந்தது. அண்ணாத்தயும் ஆரம்பிச்சாரு, பழைய தொண்டையில. பாட்டு முடிஞ்சி எல்லாரும் புஸ்தகத்த மூடிட்டாங்க.

நான் நல்லா முழிச்சிகினு பக்கத்துலதான் நிக்கறேன், ஆனாலும் அவரு கடைசி வரிய வுடல.