கல்லெறிந்தவரின் முழுப் பெயர்

என்னுடைய தொழிலில் பாவம் என்று ஒன்றுதான் உண்டு. பெயரை விடுவது.

நல்லூரில் ஒரு சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். கலியாணக் கார்ட், மரண அறிவித்தல், செத்தவீட்டுக்கு முப்பத்தோராம் நாளில் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலர் (நாங்கள் அதைக் கல்வெட்டு என்போம்) எல்லாம் செய்வேன். எழுத்துப் பிழைக்காக என்னோடு சண்டைக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். பெயர் விடுபட்டதற்காக வந்தவர்களுக்குக் கணக்கில்லை. ஒருமுறை ஒரு மனிசி, காலமானவரின் ஒன்றுவிட்ட தம்பியின் மருமகள், அறிவித்தலைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தார்.

"ரொறன்ரோவிலை இருக்கிற எல்லாரையும் போட்டிருக்கிறியள். மூண்டு நாளாய் அந்தச் செத்தவீட்டிலை தேத்தண்ணி ஊத்தினது நான். ஏன், நான் உயிரோடை இல்லையோ?"

ஆகவே பெயரைப் போட்டால் மரியாதை, விட்டால் அவமானம் என்பதே நான் கற்ற ஒரே பாடம். போட்டதற்காகவும் ஒரு மனிதன் நொந்துபோவான் என்பது என் புத்திக்கு எட்டியிருக்கவில்லை. எட்டிய விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும். கால்வாசி ஆத்திரம் முகம் தெரியாத ஒருவர்மேல். முக்கால்வாசி, தினமும் காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று முகம் வழிக்கும் ஒருவர்மேல்.

சில வருடங்களுக்கு முன் இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதப் பழக்கும் பட்டறை ஒன்று நடந்தது. போனேன். பழக்கிய பிள்ளை, "ஐயா, உங்களிட்டை அச்சடிச்ச புத்தகங்கள் நிறைய இருக்கும். அதுகள்தான் மேற்கோள்" என்றது. என் தலை அந்த இடத்திலேயே ஒரு சுற்றுப் பெருத்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட என்னிடம் இரண்டு அலுமாரி நிறையக் கல்வெட்டுகள் இருந்தன. அதாவது, இரண்டு அலுமாரி நிறைய மேற்கோள்.

முதல் கட்டுரைக்கு விசில் மாஸ்ரரைத் தெரிவு செய்தேன். உடுவிலைச் சேர்ந்த உதைபந்தாட்ட நடுவர், கணித ஆசிரியர். குடாநாட்டில் அவர் ஊதாத இறுதிப் போட்டி இல்லை. அவருடைய கல்வெட்டை அச்சடித்தது நான்தான். அதில் கடைசி நேரத்தில் ஒரு பக்கம் வெறுமையாக நின்றபோது, "நான் கண்ட மாஸ்ரர்" என்று ஒரு கட்டுரை எழுதி நிரப்பியதும் நான்தான். (ஒருவரும் கேட்கவில்லை. பக்கம் வெறுமையாக நின்றால் எனக்குக் கை அரிக்கும்.)

ஆட்கள் பேச்சுவாக்கில் சொல்லும் வசனங்களைப் பொறுக்கிச் சேர்ப்பது என் பழக்கம். பஸ்ஸில் கேட்டது, சந்தையில் கேட்டது எல்லாம் ஒரு கொப்பியில் இருக்கும். மாஸ்ரரின் செத்தவீட்டில் எனக்கு அப்படி ஒன்று கிடைத்தது. பந்தலின் ஓரத்துக் கதிரையில் கனகண்ணை இருந்தார். ஓய்வுபெற்ற பஸ் சாரதி, அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

(பெயர்களையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். இதை எழுதலாமா என்று கேட்டபோது அவர் சொன்னது, "கதையைச் சொல்லு. என்னைச் சொல்லாதை." இந்த ஒரு வசனத்தை யாராவது எனக்கு முதலே சொல்லித் தந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை வந்திருக்காது.)

கனகண்ணைக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது நடந்தது. இறுதிப் போட்டி, கடைசி நிமிடம், எதிரணியான காங்கேசன்துறைப் பக்கத்து அணிக்கு மாஸ்ரர் தண்டஉதை கொடுத்தார். கோல். ஆட்டம் முடிந்தது. கோலுக்குப் பின்னாலிருந்து ஒரு கல் வந்தது. மாஸ்ரரின் முன்பல் இரண்டும் போயின. பொலிஸ் வந்து யார் எறிந்தது என்று கேட்டபோது, வாயில் சாரத்துணியைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னாராம்: "நான் பந்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான். கல்லைப் பாக்கேல்லை."

"பாத்தவர், தம்பி" என்றார் கனகண்ணை. "நேரை என்ரை முகத்தைப் பாத்தவர். நான்தான் எறிஞ்சனான். பிறகு இருபது வருசம் என்ரை பஸ்ஸிலைதான் வந்தவர். ஏறேக்கை கட்டுப்பல்லாலை ஒரு சிரிப்புச் சிரிப்பார். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

அழுதார். நானும் அழுதேன். அழுதுகொண்டே அந்த வசனத்தை மனதில் எழுதினேன். ஒரு மாதத்தில் அது கல்வெட்டின் பக்கம் இருபத்துமூன்றில் இருந்தது, பெயரோடு. கனகண்ணைக்குத் தெரியவில்லை. ஊருக்கும் தெரியவில்லை. காரணம் எளிது: கல்வெட்டை யாரும் வாசிப்பதில்லை. குடும்பப் படத்தில் தாங்கள் இருக்கிறோமா என்று பார்ப்பார்கள், பிறகு அது கண்ணாடி அலுமாரிக்குள் போய்விடும்.

இணையம் கண்ணாடி அலுமாரி இல்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

வாழ்க்கை வரலாறு என்றால் எனக்குத் தெரிந்த நடை ஒன்றுதான், மரண அறிவித்தல் நடை. மாஸ்ரரின் பெற்றோர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், அவர்கள் இருக்கும் நாடுகள், எல்லாம் போட்டேன். "சர்ச்சைகள்" என்று ஒரு தலைப்பும் போட்டேன். பெரிய ஆட்களுக்கெல்லாம் அது இருந்தது, எங்கள் மாஸ்ரருக்கு மட்டும் ஏன் குறை வைக்க வேண்டும்? அதற்குக் கீழே எழுதினேன்: "உடுவிலைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட, ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதி வைத்திலிங்கம் கனகலிங்கம் அவர்கள் எறிந்த கல்லினால் இரு முன்பற்களை இழந்தார்."

"அவர்கள்" என்று மரியாதை வேறு.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பக்கத்தை நிறத்தில் அச்செடுத்து, லமினேற் பண்ணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உடுவிலுக்குக் கொண்டுபோனேன். பரிசு கொடுக்கிற மனநிலை. வீட்டில் கனகண்ணை, மகள், மருமகன், பேத்தி யதுசா. யதுசாவுக்குப் பதினாலு வயது, பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணியின் கோல்காப்பாளர். பயிற்சி முடித்து வந்து படியில் இருந்துகொண்டு சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய எல்லா ஆட்டத்துக்கும் கனகண்ணை போவார். கோலுக்குப் பின்னால் நிற்பார். நடுவரை யாராவது திட்டினால் போய்க் கண்டிப்பார். அந்த மைதானங்களில் அவருக்கு அதனாலேயே ஒரு மதிப்பு.

"கனகண்ணை, உலகம் முழுக்க உங்கடை பேர் தெரியப்போகுது" என்றேன்.

அவருக்கு வாசிக்கக் கண்ணாடி வேண்டும். யதுசா வாங்கிச் சத்தமாக வாசித்தாள். பிறப்பு, கல்வி, பணி. பிறகு சர்ச்சைகள். பாதி வசனத்தில் சத்தம் நின்றது.

"அம்மப்பா, உங்கடை பேரிலை உடுவிலிலை வேறை ஆரும் இருக்கினமோ?"

"இல்லைப் பிள்ளை. நான் ஒராள்தான்."

"போன கிழமை அந்த அங்கிளுக்குச் சொன்னனீங்கள். நடுவரிலை கை வைக்கிறவன் மனிசனே இல்லையெண்டு."

"ஓம்."

"ஆரை நினைச்சுச் சொன்னனீங்கள்?"

மகள் குசினிக்குள் போய்விட்டார். இப்படி ஒரு நேரத்தில் மனிதனாய்ப் பிறந்த எவனும் வாயை மூடிக்கொண்டிருப்பான். நான், "அது இளமையிலை நடந்தது பிள்ளை. மேற்கோளும் போட்டிருக்கிறன், பக்கம் இருபத்துமூண்டு" என்றேன்.

கனகண்ணை என்னைப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

"தம்பி, ரெண்டு பல்லுப் போன மனுசன் சாகுமட்டும் வாயைத் திறக்கேல்லை. உனக்கு எல்லாப் பல்லும் வடிவாய்க் கிடக்கு."

என் கொப்பியில் உள்ள வசனங்களிலேயே இதுதான் திறமானது. எழுதிக்கொள்ள முடியாத நிலையில் கேட்டது இது ஒன்றுதான்.

கடைக்கு ஓடிவந்து அந்தப் பந்தியை அழித்தேன். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் அது திரும்பி வந்திருந்தது. "உண்மைவிரும்பி" என்ற பெயரில் யாரோ ஒருவர், "ஆதாரமுள்ள தகவலைக் காரணமின்றி நீக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தார். மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது. பிறகு உரையாடல் பக்கத்தில் போர் தொடங்கியது.

"அவர் பொதுவாழ்வில் இல்லாத ஒரு தனிமனிதர்" என்று எழுதினேன்.

"நிகழ்வு பொது இடத்தில் நடந்தது."

"அவருக்குப் பேத்தி இருக்கிறாள்."

"அது கட்டுரைக்குத் தொடர்பற்றது."

"அந்த மலரை யாரும் வாசிக்கவில்லை."

"வாசிக்கப்பட்டதா என்பது அளவுகோல் அன்று. தகவல் உண்மைதானே?"

உண்மைதான். அதுதான் எனக்கு உச்சிவரை ஏறியது. இந்த மனிதர் எந்த நாட்டில், எந்த அறைக்குள் இருந்துகொண்டு கனகண்ணையின் வாழ்க்கையை அளவுகோல் வைத்து அளக்கிறார்? கனகண்ணை நாற்பது வருடம் ஒரு விபத்தில்லாமல் பஸ் ஓட்டினார். மழைக்குள் நின்று கைகாட்டிய பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தரிப்பில்லாத இடத்திலும் நிறுத்தினார். இதற்கெல்லாம் மேற்கோள் இல்லை. மேற்கோள் இருந்தது ஒரே ஒரு கல்லுக்கு. அறுபத்தைந்து வருட மனிதனை எடுத்து, ஒரு நொடியை மட்டும் வெட்டி ஒட்டிவிட்டு, "உண்மைதானே" என்று கேட்டால் அதற்குப் பெயர் அறிவா? மாஸ்ரர் பொலிசுக்கே சொல்லாத ஒன்றை உலகத்துக்குச் சொல்ல எங்களுக்கு யார் எழுதிக் கொடுத்தது? மாஸ்ரரின் வாழ்க்கையில் நான் கண்ட பெரிய காரியம் அவர் ஒரு பெயரைச் சொல்லாமல் விட்டது. அவருக்கு வரலாறு எழுதுகிறேன் என்று வெளிக்கிட்டு, அந்தப் பெயரையே நான் போட்டிருக்கிறேன்.

இவ்வளவும் கொதித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. உண்மைவிரும்பி பேசியதெல்லாம் மூன்று கிழமைக்கு முந்திய என்னுடைய பேச்சு. ஒரு சொல் வித்தியாசமில்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கூட உடுப்போடு யதுசா கடைக்கு வந்தாள். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"அங்கிள், சனிக்கிழமை எங்களுக்கு அரையிறுதி. அம்மப்பா வரமாட்டாராம். ரீம் பிள்ளையள் எல்லாரும் ஃபோனிலை பாத்திட்டினம்."

"அவரோடை கோவமோ பிள்ளை?"

"அது எங்கடை வீட்டுக் கதை. நான் அவரோடை கதைச்சிட்டன்." சைக்கிள் பூட்டின் திறப்பைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "ஒரு நாளைக்கு அவரே எனக்குச் சொல்லியிருப்பார், அங்கிள். சொல்ல வேண்டியவர் அவர். நீங்கள் அதையும் எடுத்துப்போட்டியள்."

அவள் போன பிறகு கணினிக்கு முன்னால் இருந்தேன். அழிக்கவும் முடியாது, வாதாடியும் ஆகாது. அந்தத் தகவலைத் தாங்கி நின்ற தூண் ஒன்றுதான், பக்கம் இருபத்துமூன்று. அந்தத் தூணை விழுத்தினால் மேலே இருப்பதும் விழும். தூணைக் கட்டியவன் நான்.

உரையாடல் பக்கத்தில் எழுதினேன். "மேற்கோளாகக் காட்டப்படும் கட்டுரையை எழுதியவன் நான். அச்சிட்டவனும் நான். அதைச் சரிபார்த்தவர் எவருமில்லை. செத்தவீட்டில் ஒருவர் அழுதுகொண்டு சொன்னதை அவருடைய அனுமதியில்லாமல் எழுதினேன். இடத்தை நிரப்புவதற்காகவே எழுதினேன். என் எழுத்தை எவரும் ஆதாரமாகக் கொள்ளக்கூடாது."

உண்மைவிரும்பி விடவில்லை. "இதற்கு முன்னர் எழுதியவற்றுக்கும் இது பொருந்துமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு, "பொருந்தும்" என்றேன். வேறென்ன சொல்ல?

வெள்ளி மத்தியானம் நிர்வாகி ஒருவர் வந்து தீர்ப்பு எழுதினார். "நூலாசிரியர் தாம் நம்பத்தகாதவர் எனத் தாமே ஒப்புக்கொண்டுள்ளமையால், அன்னாரின் நூலை மேற்கோளாகக் கொண்ட தகவல்கள் நீக்கப்படுகின்றன." கனகண்ணையின் பெயர் போனது. மாஸ்ரரின் பேரப்பிள்ளைகளின் பெயர்களும் போயின. (வெளிநாட்டில் இருந்து இரண்டு மருமக்கள் ஃபோன் எடுத்து, ஏன் எங்களை வெட்டினீர்கள் என்று சண்டை பிடித்தார்கள். அது வேறு.)

அந்தத் தீர்ப்பை அச்செடுக்காமல், லமினேற் பண்ணாமல், வெறுங்கையோடு உடுவிலுக்குப் போய்ச் சொன்னேன். கனகண்ணை கேற்றைத் திறக்கவில்லை. கேற்றுக்கு மேலால் கேட்டார்.

"இனி இல்லையோ?"

"இல்லை அண்ணை."

"பாத்தவை பாத்தவைதானே" என்றார்.

சனிக்கிழமை மைதானத்தில் வேலியோரமாய் ஒளிந்து நின்றேன். இரண்டாம் பாதி தொடங்கும்வரை கோலுக்குப் பின்னால் யாருமில்லை. பிறகு வந்தார். பழைய இடத்துக்குப் போகாமல் கொஞ்சம் தள்ளி நின்றார். யதுசா பந்தை விட்டுத் திரும்பிப் பார்த்து, கையுறை போட்ட கையால் கிட்ட வரச் சொல்லிக் காட்டினாள். அந்த நேரம் ஒரு கோல் போனது. தோற்றார்கள். கனகண்ணை நடுவரிடம் போய்க் கைகொடுத்துவிட்டு வந்தார்.

அவர் என்னோடு திரும்பப் பேச எட்டு மாதம் எடுத்தது. உண்மைவிரும்பி யார் என்று இன்றுவரை தெரியாது. அதுதான் என் கால்வாசி ஆத்திரம்: மற்றவரின் பெயர் இருந்தே ஆகவேண்டும் என்று நின்ற அந்த மனிதர் தன் பெயரைப் போடவில்லை. நானோ மோட்டுத்தனமாக என் முழுப் பெயரையும் ஊரையுமே பயனர் பெயராகப் பதிந்திருந்தேன். உரையாடல் பக்கம் அழியாதாம். இப்போது என் பெயரை இணையத்தில் தேடினால் முதலில் வருவது "நம்பத்தகாதவர் எனத் தாமே ஒப்புக்கொண்டுள்ளமையால்" என்ற வசனம். நீக்கச் சொல்லிக் கேட்டேன். நானும் ஒரு தனிமனிதன் என்று எழுதினேன். "பெயரை வெளியிட்டவர் தாங்களே" என்று பதில் வந்தது. கொதித்தேன், ஆனால் மேற்கொண்டு எழுதவில்லை.

வீட்டில் அந்த வசனம் பிள்ளைகளுக்கும் பாடம். கோயிலுக்கு வெளிக்கிட்டுப் படலைவரை வந்த பிறகு என் மனிசி கேட்பாள்.

"காஸ் மூடினனீங்களே?"

"ஓம், மூடினனான்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பேன்.

"கோவிக்காதையுங்கோப்பா" என்பாள். "எனக்கு உங்களிலை நம்பிக்கைதான். நீங்கள்தானே எழுதிக் குடுத்திருக்கிறியள்."