செஞ்சிக்குப் போன சம்பந்திகள்

முத்தியால்பேட்டை,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் சரிதாவுக்கு அப்பா கமலக்கண்ணன் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். என் கால்கள் மட்டும் நலமில்லை. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் நலந்தானே? போனில் பேசினால் உன் மாமியார் வீட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும் என்பதால் உன் காலாப்பட்டு ஆபீஸுக்கு எழுதுகிறேன்.

பிரசவத்துக்குப் பிறகு ஒரு வருஷம் நம் வீட்டில் தங்கி வேலைக்குப் போக உன் மாமனாரிடம் சம்மதம் கேட்கச் சொன்னாய். "நேரா கேட்டா தப்பா எடுத்துக்குவாருப்பா, நடக்கும்போது பேச்சுவாக்குல கேளு" என்று இந்த ஆற்றங்கரை நடையையும் நீதான் ஏற்பாடு செய்தாய். சங்கராபரணி கடலில் கலக்கும் இடத்திலிருந்து செஞ்சி மலை வரைக்கும், ஞாயிறுதோறும் விட்ட இடத்திலிருந்து. நல்ல யோசனைதான். உன் அப்பனுக்கு வாய் இருந்திருந்தால் பலித்திருக்கும்.

முதல் நாளே கரையில் ஒற்றையடிப் பாதை. "நீங்க முன்னால போங்க சம்பந்தி" என்றார் ஜானகிராமன். பெண்ணைக் கொடுத்தவன் முன்னால் போவதா? "ஐயோ, நீங்க போங்க சம்பந்தி" என்றேன். இப்படியே வெயில் ஏறி, கடைசியில் இருவரும் பக்கம் பக்கமாக நடந்ததில் நான் முள்ளுக்குள் போனேன். உட்காரலாமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உன் விஷயத்தைப் பேச வாயைத் திறந்தபோதெல்லாம் "தண்ணி குடிக்கிறீங்களா சம்பந்தி?" என்றுதான் வந்தது. பாவம், மறுக்கத் தெரியாத மனுஷன், குடித்துக் குடித்துப் புதர் தேடியே களைத்துப்போனார்.

சுத்துக்கேணியில் ஆற்றிலிருந்து ஒரு வாய்க்கால் பிரிகிறது. பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வாய்க்கால் எது, ஆறு எது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் சம்பந்தி வாய்க்கால் பக்கம் திரும்பிவிட்டார். தப்பு என்று எந்த வாயால் சொல்வது? இரண்டு ஞாயிறு அதன் கரையிலேயே நடந்தோம். இன்று காலை எதிரே ஒரே தண்ணீர். மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "செஞ்சி இன்னும் எவ்ளோ தூரம்மா?" என்றேன்.

"செஞ்சியா? இது ஊசுட்டேரி. ரோட்டுக்குப் போனா பாண்டி பஸ்ஸு வரும்."

செஞ்சிக்குக் கிளம்பியவர்கள் நம் பாண்டி வாசலுக்கே வந்து நின்றோம். சம்பந்தி ஏரியைப் பார்த்து, "நல்ல காத்து, இல்லீங்களா?" என்றார். நானும் "ரொம்ப நல்ல காத்துங்க" என்றேன்.

ஆகவே மகளே, இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை. மாப்பிள்ளையை விட்டே கேட்கச் சொல். முட்டி வலி என்று சொல்லி நடையையும் இன்றோடு நிறுத்திவிட்டேன். உன்னை இன்னொரு வருஷம் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கொடுத்துவைக்கவில்லை என்பதில்தான் வருத்தம். தாயும் பிள்ளையுமாக இரண்டு உயிரும் நல்லபடியாகப் பிரிய மணக்குள விநாயகர் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் வாயில்லாத அப்பா.

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் உன் மாமனார் போன். "யோவ், பாசனத்துலதானய்யா வேல பாத்த? வாய்க்கால்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியா? என் காலு ரெண்டும் வீங்கிக் கெடக்குது!" எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "நீதானய்யா மொதல்ல திரும்புன! சரிதாவ ஒரு வருஷம் இங்க வெச்சிக்கிறேன்னு ஒன்னாண்ட கேக்க முடியாமதான் நாயா நடந்தேன்!"

அதற்கு அவர், "அட, அதக் கேக்கத்தானய்யா நானும் நடந்தேன்! வீட்டுக்காரியால கொழந்தயத் தூக்க முடியாது. பாத்துக்கிறீங்களான்னு பொண்ணு கொடுத்தவங்ககிட்ட எப்பிடிக் கேக்குறதுன்னு கூச்சம்."

அடுத்த ஞாயிறு மறுபடி சுத்துக்கேணியிலிருந்து கிளம்புகிறோம். ஒருவர் என்னை 'யோவ்' என்றதற்கு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததே இல்லை, கண்ணு.