செவ்வரிக் கிலுகிலுப்பை

"அந்தச் செடிகிட்ட யார் போனாலும் காலை ஒடிச்சுப் போடுங்க. நீங்க போனாலும் சரி!"

புருஷனிடம் சொல்லிவிட்டு டீச்சர் ஆட்டோவில் பாய்ந்து ஏறினாள். காலில் ஒரு செருப்பு கறுப்பு, ஒன்று பழுப்பு. ரயிலடியிலிருந்து தாவரவியல் பேராசிரியரைக் கூட்டிவரப் போகிறாள்.

புருஷனான வெல்டர் கொல்லையில் காவலுக்கு நின்றான். சுவரோரம் இருந்தது கிலுகிலுப்பைச் செடி. காய் முற்றினால் உள்ளே விதை குலுங்குமே, அதுதான். அந்த வட்டாரத்தில் அதில் இரண்டே இனம் என்பது டீச்சர் வருஷக்கணக்காகப் பாடும் பாட்டு. வெல்டருக்கே மனப்பாடம். ஒன்றுக்கு ஒற்றை இலை, வெறும் மஞ்சள் பூ. மற்றதற்கு இலை மும்மூன்றாக வரும், இதழின் முதுகில் சிவப்பு வரி ஓடும்.

இன்று காலை பல் விளக்க வந்த டீச்சர், வாயில் நுரையோடு அலறினாள். ஒற்றை இலைச் செடியின் உச்சியில் செவ்வரிப் பூக்கதிர்!

"புது இனம்ங்க! என் பேரையே வைப்பாங்க!"

தாவரச் சங்கத்தில் அவளுக்கு 'புல்லு டீச்சர்' என்று பட்டம். இன்றோடு அத்தனை பேர் வாயும் மூடும். நினைக்க நினைக்க வெல்டருக்கு நெஞ்சு துள்ளியது.

வெயில் ஏறியது. கதிர் லேசாகத் துவண்டது. இரும்பில் வேலை பார்ப்பவனுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. நாலு கம்பியை நட்டு, மேலே ஒரு தகரத்தை வைத்தான். தள்ளி நின்று அழகு பார்த்தான். தகரம் சரிந்தது. கதிர் கீழே கிடந்தது.

"மாப்ளே, என்ன சத்தம்?" மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மாமியார் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அத்தை, பூனை!"

ஒட்டுவதுதானே நம் பிழைப்பு? உடனடிப் பசையை எடுத்து வந்து பிதுக்கினான். கதிர் செடியில் ஒட்டவில்லை, கட்டைவிரலில் ஒட்டியது. இழுத்தான். இதழ்கள் விரலோடு வந்துவிட்டன. கதிர் மொட்டையாகிவிட்டது.

தெருமுனைக் காலிமனைக்கு ஓடினான். மஞ்சளாய்ப் பூத்திருந்த கிலுகிலுப்பையில் ஒரு கதிரைப் பிடுங்கி வந்து, மூச்சைப் பிடித்து ஒட்டினான். நின்றது! பிறகுதான் பார்த்தான். வரி இல்லாத பூ.

இரும்பில் குறி போடும் சிவப்புப் பேனா சட்டைப் பையிலேயே இருந்தது. பூப்பூவாக வரி இழுத்து முடிக்கவும் ஆட்டோ வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

பேராசிரியர் மண்ணில் மண்டியிட்டு லென்ஸை வைத்தார். அவர் காது சிவந்தது.

"அம்மா! வரி இதழுக்கு உள்பக்கம் ஓடுது! நான் எங்கயுமே பார்த்ததில்ல!"

"காலையில வெளிப்பக்கம்தானே சார் இருந்துச்சு?"

"அப்போ வெயில் ஏற ஏற வரி இடம் மாறுது! இதை அறிவிச்சா உலகமே இந்தக் கொல்லைக்கு வந்து நிக்கும்!"

டீச்சர் ஆனந்தத்தில் புருஷனைக் கட்டிக்கொண்டாள். வெல்டர் கட்டைவிரலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

பேராசிரியர் கதிரை நிமிர்த்தினார். கதிர் கையோடு வந்தது. அவர் விரல் நுனியில் சிவப்பு மை.

டீச்சர் மெதுவாகத் திரும்பினாள். "ஏங்க..."

வெல்டர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். தகரம், பசை, காலிமனை, பேனா. டீச்சரின் கண்ணில் நீர் கோத்தது.

"இந்த ஜென்மத்துக்கு நான் புல்லு டீச்சர்தான்!"

"அழாதே! அசல் பூ எங்கயும் போகல. இதோ!" என்று கட்டைவிரலை நீட்டினான்.

பேராசிரியர் அந்த விரலைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். லென்ஸை வைத்தார். கரி படிந்த நகத்தைத் தாண்டி, இதழ் இதழாகப் பார்த்தார்.

"மை இல்ல. இயற்கை வரி! முதுகுப்பக்கம்! இது இந்தச் செடியோட பூதானே?"

"என் கண்ணால பார்த்தேன் சார்! இதே உச்சியில!" என்றாள் டீச்சர்.

"அப்போ புது இனம்தான்மா! சந்தேகமே இல்ல!"

டீச்சர் குதித்தாள். அந்தக் கட்டைவிரலுக்கு முத்தம் கொடுத்தாள். பேராசிரியர் சங்கத்தலைவருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டிருந்தது.

காலி வாளியோடு இறங்கி வந்த மாமியார், தரையில் கிடந்த பசையையும் கதிரையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"நேத்து சாயங்காலம் இந்தச் சுவத்து மேல காஞ்ச துணியை எடுக்குறப்ப என் கை பட்டு இதோட பூ ஒடிஞ்சிருச்சு. இவ அழுவாளேன்னு வாய்க்கா ஓரத்து மூணு இலைச் செடியில வேற பூ பறிச்சு வந்து நானே ஒட்டினேன். ராத்திரி முழுக்க அசையாம நின்னுச்சு. நீங்களும்தான் வெல்டர்னு சொல்லிக்கிறீங்க, மாப்ளே!"