ஆஃப் செய்த கம்பியில் மிச்சமிருக்கும் கரண்டும் உங்கள் அக்காளும்

என்றும் என் மதிப்புக்குரிய மைத்துனருக்கு,

உங்கள் அக்காள் வீட்டுக்காரன் எழுதிக்கொண்டது. நான் இங்கே நல்ல சுகம். அங்கே நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அக்காளும் சுகமாகத்தான் இருப்பாள். கோபித்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனவர்கள் இளைத்துப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவள் உங்களிடம் ஒரு கதை சொல்லியிருப்பாள். அது பாதிதான். மீதியைப் படித்துவிட்டு, அவளைப் பஸ் ஏற்றி அனுப்பிவையுங்கள். வந்ததும் 'நீங்க சொன்னதுதான் சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேற்கொண்டு நான் எதையும் பெரிதுபடுத்த மாட்டேன்.

நான் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வெறும் தட்டோடு முள் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் அந்தத் தராசைக் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தவன். அப்படிப்பட்டவனுக்கு ஆபீஸ்காரர்கள் மின்சாரம் அளக்கும் மீட்டரைப் பிரிவுப் பரிசாகக் கொடுத்தார்கள். குளியலறை பல்பு ஹோல்டர் உடைந்திருந்தது. சுவிட்சை அணைத்து, ஹோல்டரைக் கழற்றி, எதற்கும் இருக்கட்டும் என்று கம்பியில் மீட்டரை வைத்தேன். பூஜ்யம் காட்டவேண்டிய இடத்தில் எண் ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. முழுக் கரண்டும் இல்லை, ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. ஆஃப் என்றால் ஆஃப் ஆக வேண்டாமா மச்சான்? கூடம், படுக்கையறை, வாசல் விளக்கு எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தேன். எல்லாம் அதே லட்சணம்.

குடும்பத் தலைவன் என்ற முறையில் நடவடிக்கை எடுத்தேன். வீட்டுக்குள் எல்லாரும் ரப்பர் செருப்பு போடவேண்டும் என்றேன். எல்லாரும் என்றால் நாங்கள் இரண்டு பேர்தான், இருந்தாலும் சட்டம் சட்டம்தானே. யார் குளித்தாலும் மெயினை அணைத்துவிடுவேன். அவள் தலைக்குக் குளிக்கிறவள், சீக்கிரம் வருகிற ஆளில்லை, ஃபிரிட்ஜில் இருந்த பால் திரிந்துபோய்விட்டது. அதற்கும் நான்தான் காரணமாம். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். அவள் மிக்ஸி போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் போய், ஒரு பாதுகாப்புக்காக, அவள் வளையலில் மீட்டர் முனையை வைத்துவிட்டேன். அலறிய அலறலில் எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்துவிட்டார். அவர் முன்னாலேயே கேட்டாள்:

"இத்தனை காலமா கடைக்காரங்களைச் சந்தேகப்பட்டீங்க, அது உத்தியோகம். இப்ப என் வளையலையுமா? வீட்டுக்கு வந்தப்புறமும் ரெய்டா? நீங்களும் உங்க மீட்டரும் குடும்பம் நடத்துங்க, நான் என் தம்பி வீட்டுக்குப் போறேன்."

ரப்பர் செருப்பைக் கூடத்திலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போனாள். அதை இன்னும் நான் எடுக்கவில்லை. எடுக்க மனசு வரவில்லை.

இனி அவள் உங்களிடம் சொல்லாத பகுதி. அவள் போன பிறகு நான் சும்மா உட்காரவில்லை. அதே கம்பியில் மீட்டரோடு ஒரு பல்பையும் சேர்த்து மாட்டினேன். மாட்டினதும் எண் மடமடவென்று இறங்கி பூஜ்யத்தில் உட்கார்ந்துவிட்டது. பல்பு மினுங்கக்கூட இல்லை. எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டேன்.

"ஆமா சார், உயிரோட ஓடுற கம்பிக்குப் பக்கத்திலயே ஆஃப் பண்ண கம்பியும் ஒரே குழாய்க்குள்ள போகுதில்ல, கரண்டு கொஞ்சம் ஒட்டிக்கும். சும்மா காட்டும், வேலை ஒண்ணும் செய்யாது. எல்லா வீட்லயும் உள்ளதுதான். இதுக்கா கூப்பிட்டீங்க?" என்று வைத்துவிட்டான்.

ஆக, கரண்டு மிச்சம் இருந்தது என்று நான் சொன்னதும் சரி, அதனால் ஆபத்தில்லை என்று இப்போது நான் சொல்வதும் சரி. இரண்டு பக்கமும் சரியாக இருந்த ஒரு மனுஷனை விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று அவளிடம் நயமாக எடுத்துச் சொல்லுங்கள். மற்றபடி அவள் இல்லாமல் எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நானே சமைக்கிறேன், நானே சாப்பிடுகிறேன். நன்றாக இருக்கிறது என்று நானே சொல்லிக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. வீடுதான் கொஞ்சம் அமைதியாக இருக்கிறது. அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சொல்லவும். உங்கள் அக்காளுக்கு எதுவும் சொல்லவேண்டாம், கடிதத்தை அவள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும், இடது கையால் எழுதுகிறேன். கடிதத்தை ஒட்டுவதற்கு முன், சமையலறை ஹோல்டரையும் மாற்றிவிட்டால் அவள் வரும்போது வீடு லட்சணமாக இருக்குமே என்று நினைத்தேன். சுவிட்சை அணைத்தேன். மீட்டரை எடுக்கவில்லை, ஆபத்தில்லை என்றுதான் முடிவாகிவிட்டதே. தைரியமாகக் கம்பியைப் பிடித்தேன். அது மிச்சம் இல்லை மச்சான், முழுசு. நான் அணைத்தது காற்றாடியின் சுவிட்ச். எதிர்வீட்டுக்காரர் மறுபடி ஓடிவந்தார். டாக்டர் பார்த்துவிட்டார், உயிருக்கு ஒன்றுமில்லை, வலது கைதான் இன்னும் மரத்துக் கிடக்கிறது. அவளிடம் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். இல்லை, சொல்லிவிடுங்கள். மேலே எழுதியது எதையும் காட்டாதீர்கள், இதை மட்டும் காட்டுங்கள். இந்த வீட்டில் எந்த சுவிட்ச் எதற்கு என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் வருகிற வரைக்கும் நான் எதையும் தொடுவதாக இல்லை. பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருக்கிறது.