இறக்கைக்கு நல்லெண்ணெய்

கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டபோது, அரியரத்தினம் கையுறையோடு கடைசித் தகட்டை அசிட்டோனால் துடைத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசை நிறைய அலுமினியத் தகடுகள், மொத்தம் இருபத்தினாலு. அவர் சொந்தமாகக் கட்டும் குட்டி விமானத்தின் இறக்கைக்குள் போகிறவை. பாரம் குறைய வட்ட வட்டமாக ஓட்டை போட்டவை. நாலு மணிக்கு விமானக் கிளப்பிலிருந்து கிரிகோரி வந்து பார்த்துச் சரி சொன்னால்தான் துருப்பிடிக்காமல் இருக்க பிரைமர் பூச்சு அடிக்கலாம். அதுவரை விரல்கூடப் படக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு ஆகவே ஆகாது.

மனைவி யோகராணிக்கு விமான விஷயம் தெரியாது. மோட்டார் சைக்கிளுக்கே சம்மதிக்காத மனுசி. தெரிந்தால் மூன்று வருட உழைப்பும் அன்றைக்கே குப்பையில்.

"என்னப்பா இது?"

"கடைக்கு... இட்லித் தட்டு" என்றார். லா சப்பலில் தமிழ்ச் சாப்பாட்டுக்கடையொன்றில் சமைக்கிறவருக்கு வேறு என்ன வாயில் வரும்?

"ஓட்டையாக் கிடக்கு?"

"துணி போட்டு ஊத்துறது."

யோகராணி தலையாட்டினாள். அவர் கைகழுவிவிட்டு வருவதற்குள் ஆறு தகட்டுக்கு நல்லெண்ணெய் பூசி முடித்திருந்தாள்.

"ஐயோ! என்ன செய்யிறீர்?"

"புதுத் தட்டெல்லே? பூசாட்டி ஒட்டும்."

அரியரத்தினம் அழாக்குறையாக மறுபடி அசிட்டோன் போத்தலைத் திறந்தார்.

"இட்லித் தட்டுக்கு ஏனப்பா இந்த மணம்?"

"நாலு மணிக்குச் சுகாதாரப் பரிசோதகர் வாறார். சுத்தமா இருக்கவேணும்."

கிரிகோரிக்கும் ஒரு வேஷம் கட்டிவிட்டதில் அவருக்குத் தன் மூளையை நினைத்துப் பெருமை தாங்கவில்லை. பெருமை அரை நிமிடம்தான் நின்றது.

"அப்ப ஒரு ஈடு அவிச்சே காட்டுவம்!" என்று யோகராணி பிரிட்ஜிலிருந்து மாவை எடுத்தாள்.

அவர் மறிக்க மறிக்க, ஒரு தகட்டில் துணியை விரித்துக் கரண்டியால் ஊற்றினாள். துணியோடு மா ஓட்டைக்குள் சரிந்து, பக்கத்துத் தகடுகளுக்கும் வழிந்தது. அரியரத்தினம் கதிரையில் தொப்பென்று இருந்தார். இனி மறைத்து என்ன, உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தார். அழைப்புமணி அடித்தது.

யோகராணி கரண்டியும் கையுமாகப் போய்க் கதவைத் திறந்தாள். உள்ளே வந்த கிரிகோரி மேசையைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு பிரெஞ்சில் கேட்டார்:

"யோகராணி, போன சனிக்கிழமை தனியா விமானம் ஓட்டி இறக்கின நீங்களே இறக்கைத் தகட்டிலை மா ஊத்துறீங்கள்?"